ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை

போன கிழமைப் பத்தியில் நாம் பிரியும்போது என் மனைவி சுல்பிகா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். இந்தக் கிழமை ஒரு முன்னேற்றம் உண்டு. பூனை மூலமாகச் செய்தி வருகிறது.

"பூனே, சோறு மேசையில இரிக்கி எண்டு சொல்லு. தின்னுறவங்க தின்னட்டும்."

எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு மனைவியுடையது. ஆகவே கோபித்துக்கொண்டு அவள் தாய்வீட்டுக்குப் போகும் பேச்சே இல்லை. அவள் இருப்பதே தாய்வீடுதான். போவதென்றால் நான்தான் போகவேண்டும். எனக்குப் போக்கிடம் கல்முனை பஸாரில் உள்ள என் கடிகாரக் கடை ஒன்றுதான். அதற்குள் நீட்டிப் படுத்தால் என் கால்களை ரோட்டில் போகும் பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பூனை சொன்னதைக் கேட்டு, தின்றுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கோபத்துக்குக் காரணம் அவள் தம்பி றஸாக். யுத்தம் முடிந்து, கடலில் இருந்த தடையெல்லாம் எடுபட்ட பிறகு, சாய்ந்தமருதுக் கரையிலிருந்து போட்டில் போய், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்க இறங்குகிறான். நாளொன்றுக்கு ஒருதரம் இறங்கினால் போதும் என்பது ராத்தாவின், அதாவது சுல்பிகாவின், சட்டம். பின்னேரமும் ஒருதரம் இறங்கட்டும் என்று தீர்ப்புச் சொன்ன அறிவாளி நான். அவன் என்னிடம் கேட்ட நேரம் என் வாயில் வட்டிலப்பம் இருந்தது. வட்டிலப்பம் வாயில் இருக்கும்போது நான் இதுவரை யாருக்கும் எதையும் மறுத்ததில்லை.

சுல்பிகாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுனாமி அவள் வாப்பாவை எடுத்துக்கொண்டு போனது. தம்பியை ஒரு முள்ளுக்கம்பி வேலியில் மாட்டிவிட்டுப் போனது. "பாதியத்தான் எடுத்திரிக்கி. மிச்சத்துக்கு வந்து வந்து பாத்திட்டுப் போகுது" என்பாள் கடலைப் பற்றி, பக்கத்து வளவுக்காரனைச் சொல்வதுபோல. அப்படிப்பட்டவள் தம்பியைக் கடலுக்கு விட்டதே ஒரு நிபந்தனையில்தான்: அவன் கையில் 'அந்தச் சாமான்' இருக்கவேண்டும்.

அந்தச் சாமானுக்கு டைவிங் கொம்பியூட்டர் என்று பெயர். மேசையும் கதிரையும் வைத்துத் தட்டுகிற கொம்பியூட்டர் இல்லை. மாலுபணிஸ் என்கிற மீன்பணிஸ் அளவில் ஒரு கைக்கடிகாரம். சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன், போகும்போது றஸாக்குக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது.

அதன் வேலையை றஸாக் எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினான். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றில் ஒரு பங்கு இரத்தத்தில் கரைந்துவிடுமாம். அளவாக நின்று, மெல்ல மெல்ல மேலே வந்தால் அது தன்பாட்டில் வெளியே போகும். கூடுதலாக நின்றுவிட்டு விசுக்கென்று வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே நுரைக்கும். கால் போகலாம், கை போகலாம், ஆளே போகலாம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் அந்தச் சாமானின் வேலை.

சுல்பிகாவுக்கு இந்த விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். அது அவள் தம்பியின் கையில் கட்டிய தாயத்து. அந்தத் தாயத்துக்கு மெக்கானிக் நான்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னர் றஸாக் கடைக்கு வந்தான். தலை காயவில்லை. கழுத்தில் உப்புப் பூத்திருந்தது.

"மச்சான், இது கண்ணச் சிமிட்டுது."

வாங்கிப் பார்த்தேன். முகப்பில் பற்றரி அடையாளம் மின்னிமின்னி மறைந்தது. இந்த வியாதி தொடங்கியபோதே கொழும்பில் சுழியோடிகளின் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தேன். பொருத்தமான பற்றரியும் மூடிக்குப் போடும் றப்பர் வளையமும் சேர்த்து அனுப்பச் சொல்லி. இன்னும் வரவில்லை.

"கொழும்புச் சாமான் வரட்டும். பின்னேரம் இறங்காத."

"போட்டுக்காரக் குணம் எஞ்சினுக்கு எண்ண அடிச்சிப்போட்டு போட்டுக்குள்ள குந்திக்கிட்டு இரிக்கான் மச்சான். கடல் குளம் மாதிரிக் கிடக்கு. நாளைக்கி இப்பிடிக் கிடக்குமா?"

"அப்ப இது இல்லாம இறங்கு."

"ராத்தாக்கு ஆரு சொல்ற? நீங்களா, பூனையா?"

பூனை விஷயம் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது.

சரி, இருப்பதில் நல்லதைப் பார்ப்போம் என்று மேசை லாச்சியைத் திறந்தேன். பற்றரி விஷயத்தில் எனக்கு நீண்ட அனுபவம். யுத்த காலத்தில் கடிகாரம், பற்றரி, வயர் மூன்றையும் ஒரே பையில் கொண்டு திரிந்த மனிதன் நான். என் தலையைக் கண்டால் செக்பொயின்டில் நிற்கும் நாய்க்கே உற்சாகம் வந்துவிடும்.

இதற்குத் தேவை 2450 என்ற வட்டப் பற்றரி. முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்த இரண்டும் தடிப்பு. என்னிடம் 2430 தாராளமாக இருந்தது. அகலம் ஒன்று, தடிப்புக் குறைவு.

"அடியில சிகரெட் பெட்டி வெள்ளித்தாள மடிச்சி வையுங்களன். ரேடியோக்கு அப்பிடித்தானே வெச்சீங்க" என்றான் றஸாக்.

"ரேடியோ கட்டில்ல கிடந்து பாடுது. நீ கடலுக்குள்ள கிடக்கிறவன். தண்ணிக்குள்ள தாள் நழுவினா ஆரு மடிச்சி வைக்கிற, சுறாவா?"

பஸாரில் அலைந்து இரண்டு 2450 கொண்டுவந்தேன். மீற்றரில் பிடித்தேன். இரண்டும் நல்ல பிள்ளைகளாக மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டின. ஒரு சின்ன பல்பைக் கொளுவி வேலை கொடுத்ததும் ஒன்றின் வோல்ட் பொத்தென்று விழுந்தது. சும்மா இருக்கும்போது பலசாலி, வேலை என்றதும் படுத்துவிடுவான். அந்தப் பற்றரியை என் உடன்பிறப்பாக ஏற்று ஒரு பக்கம் வைத்தேன். மற்றதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது றப்பர் வளையம். பழையதைக் குண்டூசியால் கிளப்பாமல், கீறல் விழாதபடி ஈர்க்குத் துண்டால் கிளப்பினேன். ஒரு பக்கம் தட்டையாக அழுந்திப்போயிருந்தது. திரும்பப் போடக்கூடாது. என்னிடமிருந்த வளையங்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்தேன். ஒன்று தடிப்பு, மூடி நசுக்கிவிடும். ஒன்று மெலிவு, கடல் உள்ளே வந்து குடியிருக்கும். மூன்றாவது, வெளிநாட்டுச் சுழியோடிக் கடிகாரம் ஒன்றுக்கென்று எடுத்துப் போடாமல் வைத்திருந்தது. குழிக்குள் போய்ச் சொந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு இல்லையென்று பார்த்தேன். பஞ்சு நூல், தலைமயிர், மணல் எதுவுமில்லை. சிலிக்கன் கிறீஸை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவினேன்.

"வெசலின் பூசினா என்ன?"

"சில றப்பர் ஊதிப்போயிரும். வெடிச்ச சொண்டுக்குப் பூசு. இதுக்கு வேணாம்."

இவ்வளவு கவனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அலை வந்து போன பிறகு, ஊர் தன் கடிகாரங்களை வாளியில் அள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தது. ஒவ்வொன்றையும் திறக்கத் திறக்கச் சேறும் உப்பும் மணலும். சிலர் திருத்தத் தந்தார்கள். சிலர், "திருத்த வேணாம், காயவெச்சி மட்டும் தாங்க" என்றார்கள். யாருடைய கையில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே எதிரி, தண்ணீர். ஒரு மூடியை நான் பூட்டினால் அதற்குள் தண்ணீர் போகக்கூடாது. அவ்வளவுதான் என் வாழ்க்கைத் தத்துவம்.

மூடியைப் பூட்டி, ஜாம் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்தச் சாமானை அமிழ்த்தினேன். உள்ளே காற்று விரிந்து எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி விடும். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழிகூட இல்லை.

அந்த நேரம் பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொன்னது. பாங்கு நேரத்துக்குச் சரியாக அதன் மணியைத் திருப்பி வைத்தேன். அப்படியொரு திருப்தி.

றஸாக் கையில் கட்டிக்கொண்டு பொத்தானை அமத்தினான். முகம் மலர்ந்தது.

"மச்சான், காலையில நான் நல்ல ஆழம் போன. ஏறி வந்தாப்புறவு பாத்தா, அடுத்த முறைக்கி இது கொஞ்ச நேரந்தான் தாறன் எண்டிச்சி. இப்ப பாருங்க! அள்ளித் தருது!"

"நல்ல பற்றரி போட்டா எல்லாம் நல்லா வேலை செய்யும்" என்றேன்.

ஆண்டவன் என் நாக்கை அந்த இடத்திலேயே ஒட்டவைத்திருக்கலாம்.

அவன் போனான். நான் தொழுதுவிட்டு வந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது கொழும்பிலிருந்து போன் வந்தது. சாமான் கடைப் பொடியன்.

"நாநா, ஒங்கட சாமான் இண்டக்கி பஸ்ல போட்டீக்கி."

"மெதுவா வரட்டும் தம்பி. நானே போட்டுட்டன்." நான் பற்றரி தெரிந்தெடுத்த கதையையும் வளையம் தெரிந்தெடுத்த கதையையும் விரிவாகச் சொன்னேன். வெள்ளித்தாள் வைக்காத கதையைச் சற்று அழுத்திச் சொன்னேன்.

"மாஷா அல்லாஹ். எங்கட ஆக்களே இப்பிடிப் பாத்துச் செய்ய மாட்டாங்க நாநா." பிறகு, போகிற போக்கில் கேட்டான்: "அவர் இண்டக்கித் தண்ணில எறங்கல்லதானே?"

"காலையில இறங்கிட்டுத்தான் கொண்டுவந்த."

மறுமுனையில் பின்னால் பாடிய ரேடியோவை அவன் அமத்தினான்.

"திரும்ப எப்ப எறங்குற?"

"இப்ப."

"நாநா, பற்றரியக் கழட்டினா அது எல்லாத்தயும் மறந்திரும். காலையில எறங்கினது அதுக்கு இப்பத் தெரியா. அவர்ட ரெத்தத்தில காலையில கரஞ்சது இன்னம் மிச்சம் ஈக்கி. அத இது கணக்கில எடுக்காது. புது ஆளெண்டு நெனச்சி நேரம் குடுக்கும். ஒருநாள் ஆற விட்டுத்தான் மாத்தோணும். நாநா? ஈக்கிறீங்களா?"

இருந்தேன். கையில் சோற்று உருண்டை இருந்தது.

அள்ளித் தருது.

"எறங்கல்லயெண்டா நிப்பாட்டுங்க. எறங்கிட்டாரெண்டா மெல்ல மெல்ல ஏறச் சொல்லுங்க, மேல கிட்டத்தில நிண்டு நிண்டு. திரும்ப எறக்க வேணாம். கை, கால் வெறைச்சாலோ உணர்ச்சி இல்லாமப் போனாலோ ஒரு நிமிஷம் வெச்சிக்கொண்டு ஈக்காதீங்க. திருகோணமலையில அதுக்கெண்டே ஒரு அறை ஈக்கி, காத்த அமத்தி வைத்தியம் செய்ற. அங்க கொண்டு போங்க."

றஸாக்கின் போனுக்கு அடித்தேன்.

"ஹலோ, ஆரு?"

சுல்பிகா. ஒரு கிழமைக்குப் பிறகு பூனை இல்லாமல் அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. அவன் கடலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவன் என்பதை நான் மறந்துவிட்டேன். இன்று மறக்கிற நாள்.

"தம்பி எங்க?"

"போயிட்டான். சோறும் தின்னல்ல. என்னத்துக்கு?"

"ஒண்டுமில்ல."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னிடம் அவள் என்ன கேட்டாலும் ஒரு பகிடி சேர்த்துத்தான் பதில் வரும். வெறும் 'ஒண்டுமில்ல' இதுதான் முதல்தரம். அவள் குரல் மாறிவிட்டது.

"என்ன நடந்த? அல்லாவுக்காகச் சொல்லுங்க!"

நான் போனை வெட்டிவிட்டு ஓட்டோவில் பாய்ந்தேன்.

அலை வந்த நாளுக்குப் பிறகு சாய்ந்தமருது மணலில் நான் கால் வைத்ததில்லை. வெள்ளத்துக்குக் கப்பல் கட்டிய நூஹு நபியின் பெயரை எனக்கு வைத்தார் வாப்பா. நானோ மழைக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டாலே சுற்றிப் போகிறவன். அன்று மணலில் கால் வைத்தபோது எனக்கு அது நினைவில்லை.

பாக்கியராசா, பாண்டிருப்புக்காரன், வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் வீட்டுச் சுவர்மணிக்கு நான்தான் வைத்தியன்.

"நூஹு அண்ணன்! வழிமாறி வந்திட்டீங்களா?"

"குணத்திட போட் எங்க?"

"அந்தா, கல்லுப் பாருக்குப் பக்கத்தில நிக்கு. என்னத்துக்கு?"

"போட்ட இறக்கு. நானும் வாறன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வலையைப் போட்டுவிட்டுப் போட்டைத் தண்ணீருக்குத் தள்ளினான். எஞ்சினை இழுத்தான்.

கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது என்று றஸாக் சொன்னான். அது பொய். குளத்தில் நான் என் வயிற்றில் இருந்ததையெல்லாம் மீனுக்குக் கொடுத்ததில்லை.

குணம் எங்களைக் கண்டு எழுந்து நின்றான். போட்டில் அவன் மட்டும்தான் இருந்தான்.

"இறங்கிட்டானா?"

"எப்பவோ. இப்ப வாற நேரந்தான். ஆனா இண்டைக்கிக் கூட நேரம் நிக்கலாமெண்டு சொல்லிட்டுத்தான் போன. சாமான் புதுசாகிட்டாமே? நீங்கதானே திருத்தின?"

என் வேலைக்கு இவ்வளவு விளம்பரம் எப்போதும் கிடைத்ததில்லை.

"கூப்பிடு குணம். மெல்ல வரச் சொல்லு. மெல்ல!"

றஸாக் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மிதவைக்கு வரும். குணம் அதை எட்டிப் பிடித்து இழுத்து விட்டான். திரும்பவும் இழுத்தான். தண்ணீரில் றஸாக்கின் மூச்சுக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. ஜாம் போத்தலில் ஒரு குமிழி வராததற்கு மகிழ்ந்தவன், இப்போது ஒவ்வொரு குமிழிக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

கயிறு மெல்லத் தளர்ந்தது. குமிழிகள் ஓரிடத்திலேயே வந்துகொண்டிருந்தன. "மேல வந்து ஆறிக்கிட்டு நிக்கான்" என்றான் குணம். அவன் வழக்கமாக அப்படித்தான் நிற்பானாம். நின்றது போதுமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கணக்குச் சொல்ல வேண்டிய சாமானின் தலையில் இருந்ததை நான் ஈர்க்குத் துண்டால் வழித்து எறிந்திருந்தேன்.

றஸாக்கின் தலை தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். பார்த்தவன் சிரித்த சிரிப்பில் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டான்.

"குணம், நான் மௌத்தாகி மறு உலகத்துக்கு வந்திட்டனா? மச்சான் கடலுக்குள்ள நிக்கார்!"

"ஏறுடா மேல." சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிப்புக் குறைந்தது. கையிலிருந்த சாமானைத் திருப்பிப் பார்த்தான். முகப்பு பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரும் போகவில்லை.

"இன்னம் நேரம் இரிக்கெண்டுதான் காட்டின மச்சான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் முழங்காலில் தட்டினான். "எனக்கு ஒண்டுமில்ல. கொஞ்சம் களைப்பு. இது இல்லாம எத்தின பேர் இறங்குறாங்க? அழாதீங்க. ராத்தா கண்டா, கடல்தான் உங்கள அடிச்சது எண்டு கடலோட சண்டைக்குப் போவா."

நான் அழவில்லை. வாந்தி எடுத்தால் கண் அப்படித்தான் இருக்கும்.

"மறுகா ஒருக்கா இறங்கிட்டு மெல்ல வந்தாச் சரியாகும் எண்டு பழைய ஆக்கள் சொல்ற" என்றான் குணம்.

"இறக்க வேணாமெண்டு கொழும்பான் சொன்ன. கரைக்கி விடு."

கரையில் சுல்பிகா நின்றாள். யார் சொன்னதென்று தெரியவில்லை. அடுப்படியில் போடும் முக்காட்டோடு வந்திருந்தாள். அவளும் இந்த மணலுக்கு வருவதில்லை. தண்ணீர் எட்டாத இடத்தில், ஆனால் எட்டினாலும் நகரமாட்டேன் என்பதுபோல நின்றாள்.

றஸாக் போட்டிலிருந்து குதித்தான். கவிழ்த்து வைத்த தோணியின் நிழலில் கிடந்த தன் செருப்பைக் கொளுவிக்கொண்டு அவளை நோக்கி நடந்தான்.

"ராத்தா, மச்சான் கடலுக்கு வந்திட்டார்! ஊருக்குக் கந்தூரிச் சோறு குடுக்கணும்!"

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். தோளைத் தொட்டாள். "போ, ஊட்ட போ. சோறு தின்னு" என்றாள். அவன் அவளைக் கடந்து ரோட்டுப் பக்கம் நடந்தான். பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். பூனை அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"அந்தச் சாமானுக்கு என்ன செஞ்சீங்க?"

"தண்ணி போகாமச் செஞ்சன்."

"அதக் கேக்கல்ல."

ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"காலையில அவன் இறங்கினத அது மறந்திட்டு, சுல்பிகா. மறக்க வெச்சது நான். அதால அவன் கூட நேரம் நிண்டுட்டான்."

அவள் தம்பி போன ரோட்டுப் பக்கம் திரும்பி, மணலில் எதையோ பார்த்தாள்.

"தம்பிர செருப்பு" என்றாள்.

றஸாக் நடந்துபோன தடத்தின் நடுவில் இடதுகால் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அவன் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டான். ஒரு காலில் செருப்பு, மற்றக் கால் வெறுமை. அஸர் தொழுகைக்கு முன்னைய பின்னேர வெயிலில் மணல் வறுசட்டியாகக் கிடந்தது. அவன் கையை வீசிக்கொண்டு நிதானமாக நடந்தான்.

"தம்பி!" சுல்பிகா செருப்பை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "செருப்பு!"

அவன் திரும்பினான். செருப்பைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தான்.

இடது காலைத் தூக்கி மணலில் ஊன்றினான். இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னொருதரம் ஊன்றினான். சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது. அதைக் கழற்றி வைக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ராத்தா," என்றான், "மணல் சுடுதா?"

எனக்குச் செருப்புப் போட்ட காலே சுட்டுக்கொண்டிருந்தது.